ஆல்டன் கட்டிய கடைசிப் பொட்டலம்

"அவர்கிட்ட சொல்லிடுங்க லோர்னா. சுட்டு முடிச்ச அடுத்த நிமிஷம் நான் கிளம்பிடுவேன். கை குலுக்குறது, கட்டிப்பிடிக்கிறது எல்லாம் கிடையாது," என்றான் ரஸ்.

அந்த 'அவர்' நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். ரஸ்ஸின் கூடப்பிறந்த அண்ணன், வேட்.

"எனக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்டுற வேலை கிடக்குன்னு சொல்லுங்க," என்றான் வேட், அவனும் லோர்னாவைப் பார்த்தே.

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?"

அமெரிக்காவின் மொன்டானாவில், பொழுதுபோக்குக்காகப் பீரங்கி சுடுகிறவர்களின் சங்கம் அது. அதற்கு லோர்னாதான் இப்போது பாதுகாப்பு அதிகாரி. ஏப்ரல் மாதம் வரை அது இவர்களுடைய அப்பா ஆல்டன் பார்த்த வேலை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு உயிலைப் பிரித்தால், கடைசியில் இப்படி ஒரு வரி: 'நான் கட்டிவைத்த கடைசி வெடிமருந்துப் பொட்டலம் லோர்னாவிடம் இருக்கிறது. செப்டம்பர் கூட்டத்தில், என் பீரங்கியில், பிள்ளைகள் இருவரும் சேர்ந்து சுட வேண்டும்.'

அதற்காகத்தான் வந்திருந்தார்கள், ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத இருவரும். அம்மாவை அடக்கம் செய்து முடித்த மறுநாள்தான் அலாஸ்காவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ரஸ்ஸுக்கு விஷயமே தெரிந்தது. போன் செய்திருக்க வேண்டியவன் வேட். அன்றைக்கு அறுந்த பேச்சு. பிடிவாதத்தில் ஒருவனுக்கு ஒருவன் சளைத்தவன் இல்லை. ஒரே மேஜையில் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பார்க்க ஆல்டன் படாத பாடு பட்டார். நடக்கவில்லை. இன்றைய வேலை முடிந்துவிட்டால், இனி இவர்கள் சந்திக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

அறுத்த கோதுமை வயலின் ஓரத்தில் பீரங்கி வானம் பார்த்து உட்கார்ந்திருந்தது. பழைய காஸ் சிலிண்டரை அறுத்து ஆல்டனே செய்தது. குண்டுக்குப் பதில், தரையில் உருட்டி விளையாடும் கனத்த பௌலிங் பந்து அதற்குள் கச்சிதமாக இறங்கும். லோர்னா, அலுமினியத் தாளில் கட்டிய பொட்டலத்தை வேட்டிடம் கொடுத்தாள்.

"நாப்பது வருஷத்துல உங்க அப்பா கட்டினது ஒண்ணுகூட வெடிக்காம போனதில்ல. மருந்துகிட்ட போன் கூடாது, ரெண்டு பேரும் இந்தப் பெட்டியில போடுங்க."

வேட் பொட்டலத்தை உள்ளே இறக்கி, அதன்மேல் பந்தை வைத்தான். ரஸ் அடியிலுள்ள துளை வழியாகக் கம்பியால் தாளைக் குத்தி, திரியைச் சொருகிப் பற்றவைத்தான். இருவரும் ஓடிப்போய் மரக்கட்டைச் சுவருக்குப் பின்னால் குந்தினார்கள். திரி சீறிக்கொண்டு உள்ளே போனது. கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான்.

ரஸ் எழுந்தான்.

"உக்காரு," ஒலிபெருக்கியில் லோர்னா. "உள்ள பொறி இருந்தா எப்ப வேணா பிடிக்கும். அரை மணி நேரம் சுவத்தை விட்டு ஒருத்தரும் நகரக் கூடாது. உங்க அப்பா எழுதின சட்டம்தான்."

உட்கார்ந்தான். பத்து நிமிடம் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காபி வாசனை வருது," என்றான் ரஸ், யாரிடமும் இல்லாமல்.

"கூடாரத்துல போட்டிருப்பாங்க."

ஆறு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. வாய் திறந்த பிறகு ரஸ்ஸால் அடக்க முடியவில்லை. "அம்மா கிடந்தப்ப எனக்கு ஏன் சொல்லல?"

வேட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அவங்க சொல்லவிடல. வழி பூரா பனி. 'அவன் லாரியை எடுத்துக்கிட்டு விடிய விடிய ஓட்டிட்டு வருவான், எங்கயாவது உருண்டுடுவான். பனி விடட்டும்'னாங்க. ஒரு வாரம் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே போயிட்டாங்க."

"போனதுக்கு அப்புறம்?"

"போனைப் பாத்துக்கிட்டே மூணு நாள் உக்காந்திருந்தேன். உன்கிட்ட அதைச் சொல்ற தைரியம் வரல. அப்பாகிட்ட, உனக்குச் சொல்லிட்டேன்னு பொய் வேற சொன்னேன். தப்புதான்டா. அதைச் சொல்லலாம்னா, வந்ததும் சட்டையைப் பிடிச்ச. லெட்டர் போட்டேன். பிரிக்காம திருப்பி அனுப்பிட்ட."

"அப்பாகிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். 'அவன் வாயால கேளு'ன்னு மட்டும்தான் சொல்லுவாரு." ரஸ் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"ஜன்னலைப் பாத்துப் பாத்து, பனி விட்டுச்சா, பனி விட்டுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உனக்காகத்தான்."

ரஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். வேட் அவன் முதுகில் கை வைத்தான். தட்டிவிடுவானோ என்று பயமாக இருந்தது. தட்டிவிடவில்லை.

"அரை மணி ஆச்சு. வெளிய வரலாம்," என்று வாளியோடு வந்தாள் லோர்னா. இருவரும் எழவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காருவோம், அண்ணே," என்றான் ரஸ்.

லோர்னா துளையில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டாள். பீரங்கியைச் சாய்த்துப் பந்தை உருட்டி வெளியே எடுத்தாள். நீளக் கொக்கியால் பொட்டலத்தை இழுத்து, நனைந்த தாளைப் பிரித்தாள். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தவள், அதைக் கொண்டுவந்து இருவர் முன்னாலும் நீட்டினாள்.

அதில் வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை. தாள் நிறைய, ஆல்டன் தினமும் காலையில் குடிக்கும் காபித் தூள்.