அச்சில் வந்த அப்பா

பத்திரிகையில் வெளிவந்த கதைக்கு அந்தக் கல்லூரிச் சேர்க்கையில் தனி மதிப்பெண் உண்டு. அதை நம்பித்தான் மகிழினி நேர்காணலுக்கு வந்திருந்தாள். பேராசிரியை அவள் கதையை வாய்விட்டு வாசித்தார்: “அப்பா இறந்த மறுநாள் அவருடைய செருப்புகள் மட்டும் கடைக்குப் போய்வந்தன.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். பேராசிரியையின் குரல் கம்மியது. “அப்பா தவறி எவ்வளவு நாளாச்சும்மா? இவர் யாரு?” அச்சில் வந்தது பொய்யென்று தெரிந்தால் மதிப்பெண் போய்விடுமே என்று அப்பா பயந்தார். மகளை முந்திக்கொண்டு, “சித்தப்பாங்க மேடம்,” என்றார். மகிழினி உடனே, “இல்ல மேடம், எங்கப்பாதான்,” என்றாள். அப்பா மேசைக்கடியில் அவள் காலை மெல்ல மிதித்து, காதோரம் குனிந்தார். “சும்மா இரு பாப்பா. சீட்டு கிடைக்கிறவரைக்கும் நான் செத்தே இருந்துட்டுப் போறேன்.”