பருப்பு வேகும் நேரம்

பந்தலில் எல்லோரும் மைக் முன் நின்ற கௌசரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் பேனா அளவில் ஒரு கருவி. தண்ணீரில் முக்கினால் உப்பை எண்ணாகக் காட்டும்.

மூன்றாவது வரிசையில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மடியில் பை. பைக்குள் மாலை வகுப்புப் புத்தகம். அதற்குக் கீழே ஒரு நோட்டு.

ஊருக்குக் கிழக்கே இறால் பண்ணை வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன் உப்பு நீர் கிணறுகளில் இறங்குகிறது என்பது ஊரின் புகார். இன்னொன்று வரலாமா என்று அதிகாரி இன்று ஊராரிடம் கருத்துக் கேட்கிறார். ஐந்து மணி வரைதான். அதற்குள் சொன்னது மட்டுமே பதிவாகும்.

கௌசர் கடலே இல்லாத ஊர்க்காரி. தோல் பதனிடும் ஊர். கிணற்றுத் தண்ணீரை அளக்க இங்கே வந்து இரண்டு மாதம்தான்.

அதற்குள் எல்லா வீட்டுக் கதவும் அவளுக்குத் திறந்தது. மூன்றாவது வரிசைப் பெண்ணின் அம்மாகூட கௌசருக்குத்தான் மீனின் நடுத்துண்டை வைத்தாள்.

பத்திரிகையில் கௌசரின் படம் வந்தது. கிணற்றடியில் எடுத்தது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது.

அது அந்தப் பெண்ணுடைய முழங்கை.

அவள் மூன்று வருடமாக அளக்கிறாள். கருவி கிடையாது. ஒரு கைப்பிடித் துவரம்பருப்பு, ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. வாரம் ஒரு கிணறு. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எத்தனை நிமிடம் என்று எழுதியவள் அவள் ஒருத்திதான்.

இதெல்லாம் ஓர் அளவா என்று சந்தேகம். சில நாள் கைப்பிடி கூடியிருக்கலாம். அதையும் ஓரத்தில் குறித்திருக்கிறாள். யாரிடமும் காட்டியதில்லை.

கௌசர் வந்த பிறகு காட்டவே பிடிக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் ரெண்டு மாசக் கணக்குதானேம்மா? பண்ணைக்கு முன்னாடியும் தண்ணி உப்பாவே இருந்திருக்கலாமே. அப்ப யாராச்சும் அளந்தீங்களா?"

கௌசர் கருவியை மூடினாள்.

மைக் மட்டும் இரைந்தது.

அந்த அமைதி மூன்றாவது வரிசையில் இருந்தவளுக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்றிருந்தது. பையை இறுக்கிக்கொண்டாள்.

நாலு ஐம்பது.

"ஏங்க்கா, ஒங்க ஊருல கெணறே இல்லியா? எங்க கெணத்த வந்து எட்டிப் பாக்குறீங்க?"

கேட்டது தன் குரல்தான் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பந்தல் சிரித்தது. "அப்படிக் கேளு புள்ள!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். ஊர் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தது.

கௌசரும் திரும்பினாள். கேட்டவளைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இருந்துச்சு," என்றாள். "எங்க தெருவுல மட்டும் ஒம்பது. தோல் கழிவுல கெட்டுப்போனப்ப எங்ககிட்டயும் இதேதான் கேட்டாங்க, முன்னாடி நல்லா இருந்துச்சான்னு. நாங்க யாரும் எழுதி வைக்கல."

ஒருவரும் சிரிக்கவில்லை.

கேட்டவள் பைக்குள் கையை விட்டாள். வகுப்புப் புத்தகம் முதலில் வந்தது. அதைத் திரும்ப உள்ளே வைத்து நோட்டை எடுத்தாள்.

எழுந்தாள்.

"பேரு, ஊரு சொல்லிட்டுப் பேசும்மா," என்றார் அதிகாரி. சொன்னாள்.

கௌசர் விலகி மைக்குக்கு இடம் விட்டாள். மைக் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. கௌசரின் உயரத்துக்கு வைத்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கீழே இழுத்தாள்.

"கோயில் கெணறு. தை மூணு. பண்ணை வர்றதுக்கு முந்தின வருஷம். முப்பத்தோரு நிமிஷம்."

"என்னது முப்பத்தோரு நிமிஷம்?" என்றார் அதிகாரி.

"பருப்பு வேக," என்றார்கள் முன்வரிசைப் பெண்கள், அவள் சொல்வதற்கு முன்பே.

பின்னால் ஒரு பக்கத்துக்கு விரல் போனது. அதே கிணறு. பண்ணை வந்த மறு தை. ஒரு மணி நேரம். வேகவில்லை.

வாய் திறந்தவள் பக்கத்தில் பார்த்தாள். கௌசர் காகிதம் தேடிக் கிடைக்காமல், உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி நாலு ஐம்பத்து நாலு.

கௌசர் எழுதி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.