பன்னிரண்டு கையெழுத்து

"ஏறுடி கண்ணு. ஆடாம நிக்கணும், இன்னா?"

பெருமாயி டீச்சர் சொன்னதும் மூன்றரை வயது பவானி எடை மெஷின்மேல் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆராய்ச்சி மேடம் அருள்மொழி குனிந்து பார்த்தாள்.

"பன்னெண்டு கிலோ எழுநூறு! போன வருஷம் ஒம்பதுதானே இருந்தா?"

"ஆமாங்க மேடம்."

பெருமாயிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கல்வராயன் மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஊரின் பால்வாடிக்கு அருள்மொழி மாதம் தவறாமல் வந்து ஒரு வருஷமாகிவிட்டது. பெற்றவர்கள் மரவள்ளிக் காட்டுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விடுகிறார்கள். பகலெல்லாம் பால்வாடியிலேயே இருக்கும் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி. எடை, உயரம், காய்ச்சல், பேதி என எதையும் விடாமல் நீல ஃபைலில் எழுதிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு இறங்கிவிடுவாள்.

மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கத்துப் பால்வாடிகளில் இதே ஆராய்ச்சிக்காரர்கள் பிள்ளைக்கு தினமும் ஒரு சத்துருண்டை கொடுக்கிறார்கள் என்ற சேதி முதல் மாதமே மலையேறி வந்துவிட்டது. நம் ஊருக்கு எப்போது என்பதுதான் பெருமாயியின் ஒரே கவலை.

"எடைய ஏத்திக் காட்டினாத்தான் நமக்கும் குடுப்பாங்க. கொறஞ்சா மெமோதான்" என்று பக்கத்து ஊர் டீச்சர் ராஜாம்பாள் அடித்துச் சொன்னாள்.

பெருமாயிக்கும் அதில் சந்தேகம் இல்லை. எடை மெஷினோடு ஆள் வந்தால் அது சோதனை. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் அவள் வேறு எதைக் கண்டாள்? நோஞ்சான் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தி நல்ல பேர் வாங்கிய டீச்சர் ஒருத்தியாவது உண்டா?

அன்றிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு முன்னால், பத்து மணிக்கே பிள்ளைகளுக்கு அவள் வீட்டுச் சாமைக் கஞ்சி. ஆட்டுப் பாலை ஊற்றி, மல்லாட்டைக் கடலையை வறுத்து இடித்துப் போட்டு, ஆளுக்கொரு டம்ளர்.

புருஷன் கருப்பண்ணன் கத்தித் தீர்த்தான். "சாமை மொத்தத்தையும் பால்வாடிக்கே தூக்கிக்கினு போறியே, வூட்டுல நாம இன்னாத்தத் துன்றது?"

"உருண்டை வர்ற வரைக்கும்தான்யா. கொஞ்சம் பொறு."

வெளிச் சாப்பாடு எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் கஞ்சிச் சட்டி விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இப்போது வீட்டில் சாமை டின்னின் அடி தெரிகிறது. ஆட்டுக்கும் போன வாரம் பால் வற்றிவிட்டது. இனி உருண்டை வந்தால்தான் உண்டு.

அருள்மொழி ஃபைலைத் திறந்தாள்.

"இதுதான் கடைசி மாசம் டீச்சர். அதே கேள்விதான். இங்க ஆக்கற சோறு, முட்டை தவிர வேற ஏதாவது குடுக்கறீங்களா?"

"இல்லீங்க மேடம்."

பதினோரு முறை சொன்ன பதில், நாக்கு தடுமாறவில்லை. பன்னிரண்டாவது கையெழுத்தையும் போட்டுவிட்டு, பெருமாயி மெல்ல ஆரம்பித்தாள்.

"மேடம், உருண்டை எங்களுக்கு எப்பங்க வரும்? எம் புள்ளைங்கள நீங்களே பாத்துக்கினுதான இருக்கீங்க."

"இப்பச் சொன்னா தப்பில்ல, ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு" என்றாள் அருள்மொழி. "கீழ ஆறு ஊருக்கு உருண்டை குடுத்தோம். மேல உங்க ஆறு ஊருக்கு வேணும்னேதான் குடுக்கல. குடுத்தா எப்படி வளருதுங்க, குடுக்கலன்னா எப்படி வளருதுங்கன்னு ஒப்பிட்டுப் பாக்கணும் இல்ல?"

பெருமாயி பேனாவைக் கீழே வைத்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"சொன்னா நீங்க ஏதாவது மாத்திச் செஞ்சிடுவீங்களே."

"செரிங்க, இனிமேயாச்சும் குடுப்பீங்கதான?"

"மேலிடத்துல மலை முழுக்கக் குடுக்கறதாத்தான் இருந்தாங்க. ஆனா உருண்டை துன்ன புள்ளைங்களும், துன்னாத உங்க புள்ளைங்களும் ஒரே அளவுலதான் ஏறியிருக்காங்க. பதினோரு மாசக் கணக்கப் பாத்தே, உருண்டையால ஒண்ணும் பிரயோஜனம் இல்லன்னு முடிவாயிடுச்சு. கீழ குடுத்துக்கினு இருந்ததையும் நிறுத்தியாச்சு."

பவானி காலி டம்ளரோடு வந்து பெருமாயியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வேலை போனால் போகட்டும் என்று பெருமாயி விறகுக் கட்டை நகர்த்தி, கஞ்சிச் சட்டியைத் தூக்கிவந்து மேடம் முன்னால் வைத்தாள்.

"நாந்தாங்க குடுத்தேன். ஒரு வருஷமா எம் வூட்டுக் கஞ்சி. புள்ளைங்க சும்மா ஏறலீங்க மேடம். பயந்துக்கினு மறைச்சிட்டேன். என்னை இன்னா வேணா பண்ணிக்குங்க, உருண்டைய நிறுத்தாதீங்க!"

அருள்மொழி சட்டியைப் பார்த்தாள். ஃபைலில் இருந்த பன்னிரண்டு கையெழுத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு அலுப்போடு ஃபைலை மூடினாள்.

"இப்படிச் சட்டியத் தூக்கிக்கினு வந்து காட்டறதுல நீங்க ஆறாவது ஆளு. ஆறு டீச்சரும் பேசி வச்சிக்கினு ஒரே கதையச் சொன்னா, நாங்க நம்பிடுவோமா?"