ஆடை எடுத்த பால்

"நாலு மாசமா பால்மாவுக்குச் சீட்டு எழுதித் தர்றேன். பிள்ளை அரைக்கிலோகூட ஏறலையே! மாவை என்ன பண்றே? டீயில கலந்து நீயே குடிச்சிடறியா?"

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜூடித் போட்ட சத்தம் வெளியே வரிசை வரை கேட்டது.

சின்னம்மை சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, குன்னூரில் தேயிலைக் கொழுந்து கிள்ளச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தராசிலிருந்து மகளைத் தூக்கிக் கம்பளியில் பொதிந்துகொண்டாள்.

"விடுங்க சிஸ்டர்." பின்னால் நின்ற ஸ்டோர்கீப்பர் வேலுசாமி சிரித்தார். சீட்டுக்கு மாவு அளந்து போடுபவர் அவர்தான். "கப்பல்ல வந்தவங்களுக்கு எத்தனை போட்டாலும் பத்தாதுங்க."

சின்னம்மை அவரை ஒருதரம் பார்த்தாள். தலை குனிந்து வெளியேறினாள்.

வேலுசாமி பெரிய தராசில் ஏறினார். முள்ளையும் அவருடைய சர்க்கரை கார்டையும் பார்த்த ஜூடித்தின் முகம் மலர்ந்தது.

"அட, ஏழு கிலோ இறங்கியிருக்கு! சர்க்கரையும் குறைஞ்சிருக்கே!"

"எல்லாம் நீங்க சொன்னதுதானுங்க. ஆடை எடுத்த பால் குடிச்சா கொழுப்பு சேராது, புரதம் மட்டும் உடம்புல தங்கும், பசி தாங்கும்னீங்க. காலையில ரெண்டு டம்ளர், பொழுதோட ரெண்டு டம்ளர். சோறு பாதியாக் குறைஞ்சுபோச்சுங்க."

"எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க. ஊட்ல தினமும் ஆடை எடுக்கறது யாரு, சம்சாரமா?"

"அவளுக்கேதுங்க அத்தனை பொறுமை?" புகழ்ச்சியில் குளிர்ந்துபோயிருந்தார் வேலுசாமி. "மாவு மூட்டையிலயே கொழுப்பு எடுத்துத்தானுங்களே வருது. சும்மா கரைச்சாப் போதும்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜூடித் கையிலிருந்த கார்டை மேசையில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். சின்னம்மை படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சீட்டுக்கு எவ்வளவு மாவு போடறார்?"

சின்னம்மை தயங்கினாள். "ரெண்டு கரண்டி, மிஸ்ஸி."

"வாரத்துக்கு ஒரு படி போடணும்! ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா அந்த ரெண்டு கரண்டியும் நின்னுருமே, மிஸ்ஸி."

ஜூடித் பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுக்கம்மா. வா, மேனேஜர் ஆபீசுக்குப் போகலாம். அங்கே நான் பேசறேன்."