நீளமான பிரசங்கம்

ஐசக் மறுபடியும் தூங்கிவிட்டார்.

ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சிலிருந்து வந்த குறட்டை தன் வீட்டுக் குறட்டைதான் என்பது, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெசிக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பக்கத்தில் இருந்தாலாவது முழங்கையால் ஒரு இடி இடிக்கலாம். நட்ட நடு ஆராதனையில் அந்தப் பக்கம் எழுந்து போய்ப் புருஷனை எழுப்பவா முடியும்?

"கவுன்சிலர் ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் அருகிலிருந்த மேரிராணி, பைபிளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு. முன்வரிசையில் ரெண்டு பேர் தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

பிரசங்க மேடையில் போதகர் மோசஸ் ஐயா, நோவாவின் பேழைக்கு இன்னமும் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். போன வாரமும் இதே மரம்தான்.

ஒரு காலத்தில் அவர் பேச்சைக் கேட்க பாகலூரிலிருந்தெல்லாம் ஓசூருக்கு ஆட்கள் வருவார்கள். நறுக்கென்று நாலு வார்த்தை, அதுவும் நெஞ்சில் தைக்கிற மாதிரி. இப்போது ஒரே இழுவை. முடிக்கப் போகிறார் என்று எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், "இன்னொன்றையும் கவனியுங்கள்" என்பார். ஐயாவுக்கு வயதாகிவிட்டது, வேறு போதகரைக் கேட்டு வாங்கலாம் என்றுகூட சபையில் பேச்சு அடிபட்டது.

ஐசக்கைக் கவுன்சிலர் தேர்தலில் நிற்க வைத்தவரே இந்த மோசஸ் ஐயாதான். ஊரடங்கின்போது கம்பெனி மூடி நடுத்தெருவில் நின்ற வடநாட்டுப் பையன்களுக்கு ஐசக் ஆலய வளாகத்திலேயே அடுப்பு மூட்டி சமைத்துப் போட்டார். அதைப் பார்த்துத்தான், ஜெபம் பண்ணுவது மட்டும் ஊழியமில்லை, சாக்கடையைத் தூர் வார வைப்பதும் ஊழியம்தான், போய் நில்லு என்று ஐயா சொன்னார். ஐசக் அதைக் கர்த்தரே சொன்னதாக எடுத்துக்கொண்டார். ஜெசியும் முழங்காலில் நின்று ஜெபித்தாள், அவர் ஜெயிக்கட்டும் என்று.

ஜெயித்தார். அன்றோடு வீடு பஸ் ஸ்டாண்டு ஆனது. விடியுமுன் தெலுங்கில் ஒருவர் கூப்பிடுவார், சோற்றில் கை வைத்தால் கன்னடத்தில் ஒருவர். கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்தால் தண்ணீர் லாரிச் சண்டை. படுத்த மனிதர் புரண்டு படுப்பதற்குள் எழுந்து போயிருப்பார். வாரம் முழுக்க இதே கதை என்றால், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவுடன் கண் சொருகாமல் என்ன செய்யும்?

ஆனால் அதை யாரிடம் சொல்வது? போன வாரம் அவர் வாய் பிளந்து தூங்குவதை மேரிராணி போனில் படமெடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். அடுத்த தேர்தலில் வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சபைக் கமிட்டிக்காரர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். பதவி போனால் ஜெசிக்கு நிம்மதிதான். இப்படி ஊர் சிரித்துப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவள் நேராகப் போதகர் அறைக்குப் போனாள்.

"ஐயா, நீங்க சொல்லித்தான் அவரு நின்னாரு. நீங்களே சொல்லி ராஜினாமா பண்ண வைங்க. ரெண்டு வருஷமா நான் மனுசனை முழுசாப் பார்க்கலீங்க."

மோசஸ் ஐயா வெந்நீரை ஒரு வாய் குடித்தார். தொண்டை கட்டியிருந்தது.

"அது முடியாட்டி, பிரசங்கத்தையாச்சும் கொஞ்சம் சுருக்கிக்குங்க," என்றாள். சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது. "எல்லாரும் சிரிக்கிறாங்கய்யா. அவரை மட்டுமில்ல, உங்களையும்தான்."

"தெரியும்மா. வீட்டுல தூங்குறானா அவன்?"

"எங்கீங்க? படுத்தா போன் அடிக்குது. போனை அணைச்சா கதவைத் தட்டுறாங்க."

ஐயா தலையாட்டினார். போய் ராஜினாமா பண்ணு என்று தான் ஒரு வார்த்தை சொன்னால் ஐசக் உடனே பண்ணிவிடுவான், அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை என்றார். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

ஆலய கேட்டில் ஐசக்கைச் சுற்றி ஒரு கூட்டம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கன்னடத்தில் அழுதுகொண்டிருந்தாள். பெரியவர் கங்கப்பன் தெலுங்கில் தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஐசக் தூணில் சாய்ந்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கெல்லாம் என்னைப் பார்த்து உக்கார்றீங்க. நான் கேட்டைப் பார்த்து நிக்கிறேன்," என்றார் ஐயா. "ஆராதனை ஆரம்பிச்சதுல இருந்து இவங்க இங்கதான் நிக்கிறாங்க. சாமி கும்பிடுற நேரத்துல கூப்பிடக் கூடாதுன்னு ஒருத்தரும் உள்ள வர்றதில்ல. போனும் அடிக்காது. வாரத்துல அவனை யாரும் எழுப்பாத நேரம் இது ஒண்ணுதான்."

ஜெசி ஜன்னலை விட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"பிரசங்கம் முடிஞ்சா எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாடணும். சத்தத்துல அவன் முழிச்சுக்குவான்," என்றார் மோசஸ் ஐயா, கட்டிய தொண்டையைத் தடவிக்கொண்டே. "அதாம்மா, மரம் வெட்டிக்கிட்டே இருக்கேன்."