ஆடாத கேமரா

"அண்ணே, பைக் ஓட்றப்ப படம் புடிக்க நல்ல கேமராவா காட்டு," என்றான் சுதர்சன்.

ஏகாம்பரம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இரண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது வெல கம்மி, ஆனா படம் ஆடும். அத்த எடுத்துக்கோ நைனா. ஆடவே ஆடாது. தேதி, நேரம், வண்டி போற ஸ்பீடு எல்லாம் படத்துலயே வரும்."

"நூத்திப் பத்துல போனா?"

"நூத்திப் பத்துன்னே காட்டும். ஹெல்மெட் மேல மாட்டிக்கோ."

வாங்கிய விலைக்கே கொடுத்தார். சுதர்சனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தான்.

"பேஜாராப் போச்சுண்ணே! பஜார் தெருவுல பறந்தத என் யூடியூப் சேனல்ல போட்டேன். போலீஸ் கேஸ் போட்டு வண்டியத் தூக்கினு போய்ட்டாங்க. நான் ஓட்டலன்னு சொன்னா, ஸ்பீடையும் வண்டிக் கண்ணாடியில தெரியற என் மூஞ்சியையும் காட்றாங்க. அத்த அழிக்க வழி கீதா?"

ஏகாம்பரம் ஊன்றுகோலை அக்குளில் கொடுத்து எழுந்தார். வலது பேன்ட் முழங்காலுக்குக் கீழே காலியாகத் தொங்கியது.

"போன தைப்பூசத்தன்னிக்கு அதே தெருவுல என்னை இடிச்சிட்டு, திரும்பிக்கூட பாக்காம போனே. பாத்தவங்க பத்து பேரு. உங்க அப்பனுக்குப் பயந்து ஒருத்தனும் வாயத் தொறக்கல. சாட்சி இல்லன்னு கேஸை மூடிட்டாங்க."

சுதர்சன் வாசல் பக்கம் திரும்பினான்.

"இந்த வாட்டி சாட்சிய நீயே காசு குடுத்து வாங்கி, உன் தலையில மாட்டிக்கினு போனே."