காயாத பசை

கோயிலுக்குப் போய் வந்த சிவனேஸ்வரி குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"என்னப்பா இது மணம்? மேலையிருந்து வருது."

சனிக்கிழமை. மற்ற நாட்களில் டை கட்டி இன்சூரன்ஸ் ஒஃபிசுக்குப் போகிற அவள் புருஷன் அம்பலவாணன் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எனக்கொண்டும் மணக்கேல்லை."

மேல் அறையில் ஒரு வருசமாக வாடகைக்கு இருப்பவன் சவிரிமுத்து. காலை ஆறு மணிக்கே பெற்றோல் செட் வேலைக்குப் போய்விட்டான். அறைக்கு இன்னொரு சாவி வீட்டுக்காரியிடம் இருந்தது. லண்டன் மனோர் பார்க்கில் எந்த வீட்டுக்காரியிடம்தான் இல்லை?

"மற்றவன்ரை அறை. போகாதையும்" என்று அம்பலவாணன் எழும்புவதற்குள் அவள் பாதிப் படி ஏறிவிட்டாள்.

கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி. உள்ளே பிறை மாதிரி வளைந்த கத்தி, குத்தூசி, மரச்சுத்தியல், மெழுகு பூசிய நூல், மட்டையில் வெட்டிய அளவுகள். பாதி தைத்த பர்ஸுகள் வேறு. பசை டின்னின் விளிம்பில் விரலை வைத்தாள். ஒட்டியது.

"இஞ்சை வந்து பாருங்கோ! தோல்! வீட்டுக்குள்ளை மாட்டுத்தோல்!"

அம்பலவாணன் படியடியில் வந்து நின்றார். மேலே ஏறவில்லை.

"பசை இன்னும் காயேல்லை. விடியப் போனவன் எப்பிடி இப்ப ஒட்டினவன்? வேலையெண்டு சொன்னது முழுப் பொய். நான் அங்காலை போக, ஆள் இஞ்சாலை வந்திடுறான். நீங்கள் வீட்டிலைதானே இருந்தனீங்கள், காணேல்லையோ?"

"நான் கவனிக்கேல்லை."

சந்தேகம் பிடித்துவிட்டால் சிவனேஸ்வரிக்கு எல்லாமே கச்சிதமாகப் பொருந்திவிடும். அவன் வந்த அன்றே ஊர் எது என்று கேட்டவள். மன்னார் என்றான். மன்னாரில் எவடம், எந்தப் பக்கம் என்றாள். சிரித்து மழுப்பினான். நம் ஆட்கள் எவடம் என்று கேட்பது தபால் போடுவதற்கு அல்ல என்று அவனுக்கும் தெரியும்.

"ஏன் மழுப்பினவன் எண்டு இப்பதான் விளங்குது. இந்தச் சாமான் கிடக்கிற வீட்டிலை நான் எப்பிடிச் சுவாமிக்கு விளக்கு வைக்கிறது?"

நாலு மணிக்குச் சவிரிமுத்து வந்தான். பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தது.

"இது ஆற்றை பெட்டி?"

அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு அம்பலவாணனைப் பார்த்தான். அவர் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ரைதான் அக்கா."

"தோல் வெட்டிறதோ உங்கடை ஆக்கள்ரை தொழில்?"

அவன் முகம் கறுத்துப்போனது.

"இண்டைக்கே வீட்டை விட்டு வெளிக்கிடும்."

"தை மாசக் குளிரக்கா. ஒரு கிழமை தாங்கோ. என்ரை அகதி வழக்குக் கடிதம் இந்த அட்ரசுக்குத்தான் வரும். அது கையிலை கிடையாமல் போனா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"அதை முதல்லை யோசிச்சிருக்கவேணும்."

எதை யோசித்திருக்கவேண்டும் என்று அந்தப் பாவி கேட்கவில்லை. ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பெட்டியைத் தொடவே இல்லை.

கதவு சாத்தியதும் சிவனேஸ்வரி கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெட்டியைக் குப்பைத் தொட்டிப் பக்கம் இழுத்தாள்.

"ஐயோ, எறியாதையும்!"

ஒரு மனிசனை வீட்டைவிட்டுத் துரத்தியபோது அசையாத அம்பலவாணன், தோலுக்காகப் பாய்ந்து வந்தார்.

"திங்கட்கிழமை பக்டரிக்கு நாப்பது பர்ஸ் குடுக்கவேணும். அது என்ரை."

"உங்கடையோ?"

"ஒஃபிசாலை என்னை நிப்பாட்டி மூண்டு மாசமாச்சு. உமக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. நீர் வேலைக்குப் போனாப் பிறகு திரும்பி வந்து அவன்ரை அறையிலை இருந்து செய்யிறனான். இண்டைக்கும் நீர் கோயிலுக்குப் போன நேரம்தான் ஒட்டினனான். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு அவனைக் கெஞ்சிக் கேட்டனான்."

சிவனேஸ்வரி அப்படியே சோபாவில் இருந்துவிட்டாள்.

அம்பலவாணன் கோட்டை எடுத்தார். "பஸ் ஸ்டொப்பிலைதான் நிப்பான். ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"நில்லுங்கோ."

அவள் எழும்பிப் போய்க் கதவுக் கொண்டியைப் போட்டாள்.

"கூட்டிக்கொண்டு வந்து? என்ரை புருஷன்தான் தோல் வெட்டிறவர் எண்டு நாலு சனத்துக்குத் தெரியவேணுமோ? அவன்ரை எண்டே இருக்கட்டும்."

கையில் மாட்டியிருந்த பையைக் கழற்றினாள். பெட்டியைத் தானே தூக்கிப் புருஷனிடம் கொடுத்தாள்.

"மேல் அறை இப்ப சும்மாதானே கிடக்கு. திரைச்சீலையை இழுத்து விட்டிட்டு, வசதியா இருந்து வெட்டுங்கோ."